ஆடுகளத்தில் அளவுகோல் எது: வகுப்பா? வயதா?

ஓட்டப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே கோடு போடுகிறோம். கோடு ஒன்றாக இருந்தால் மட்டும் போட்டி நியாயமாகி விடுமா? ஓடுகிறவர்களும் ஓரளவு ஒத்தவர்களாக இருக்க வேண்டும் அல்லவா? அவர்களைப் பிரிக்கத் தகுந்த அளவுகோல் படிக்கும் வகுப்பா, பிறந்த தேதியா?

நம் நாட்டில் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளில் வயதே அளவுகோல். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்ற மூன்று பிரிவுகளே முக்கியமானவை. டிசம்பர் 31 அன்றுள்ள வயதைக் கணக்கிடுவது வழக்கம். எட்டாம் வகுப்பு மாணவியானாலும் நவம்பரில் 14 வயது நிறைந்துவிட்டால், பதினோராம் வகுப்பு அக்காமாருடன்தான் அவள் மோத வேண்டும்.

"ஒரே வகுப்புத் தோழிகள் ஒன்றாக விளையாடக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். வகுப்புவாரியாக ஆடினால் பயிற்சிக்கு வசதி; சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். உண்மைதான். ஆனால் நம் சாத்தூர், சிவகாசி வட்டாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலைக்காகப் பிள்ளைகள் பலர் படிப்பை நிறுத்திய பூமி இது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, அத்தகைய பிள்ளைகளின் கல்விக்கு வழிகாட்டியது. தாமதமாகப் பள்ளிக்கு வந்தவள் இளையவர்களோடு ஒரே பெஞ்சில் அமர நேரிடும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டி விரைந்து வளர்கிறார்கள். கபடிக் களத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பதினான்கு வயதுப் பெண் மடக்கிப் பிடித்தால் அடிபடுவது யார்? மேலும், பதக்கத்துக்காக ஒரு மாணவியை ஓராண்டு நிறுத்தி வைக்கும் ஆசையும் எவருக்கேனும் வரலாம்.

வயதுமுறைக்கும் குறை உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டாலே ஐந்து வயது! ஆசிரியர் எழுதியதே பிறந்த தேதி. இன்று பிறப்புச் சான்றிதழ் இருந்தும் வயதைக் குறைத்துக் காட்டுவோர் உளர். ஆகவே இந்தியக் கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவுகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைச் சோதிக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவள் டிசம்பரில் பிறந்தவளைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவள். கனடா நாட்டுப் பனி ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்பதை 1985-இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். மூத்த பிள்ளைகள் முதலில் தேர்வாகி, நல்ல பயிற்சியும் பெற்று முன்னேறி விடுகிறார்கள். இளையவர்களோ திறமை இருந்தும் மனம் சோர்ந்து விலகி விடுகிறார்கள்.

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. பிற பள்ளிகளோடு மோதும்போது உண்மையான வயதே அளவுகோலாக இருக்கட்டும். பள்ளிக்குள் நடக்கும் அன்றாடப் பயிற்சியில் வகுப்புத் தோழிகள் கூடி விளையாடட்டும். ஆண்டிறுதியில் பிறந்த சிறிய உருவத்தினரைத் தேர்வுநாளில் ஒருமுறை பார்த்து ஒதுக்கிவிடாமல், அடுத்த ஆண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும். அரும்பு மலர நாள் பிடிக்கும். அதுவரை அதைக் கிள்ளாமல் காப்பதும் நம் கடமையன்றோ!