தேக்கு உயர்ந்தும் ஏன் பருக்கவில்லை?

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் காணிக்குத் திரும்புபவர்கள், தாம் நட்டுவிட்டுப் போன தேக்குகளைப் பார்த்துத் திகைப்பதுண்டு. மரம் நெடுநெடுவென உயர்ந்திருக்கும். தண்டோ கைமரத்துக்குத்தான் உதவும். மண்ணைக் குறை சொல்லுமுன் இடைவெளியை அளந்து பாருங்கள்.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்றுகள் வரும். ஆரம்பத்தில் இந்த நெருக்கம் நல்லதே. நிழலில் புல் அடங்கும், பக்கக் கிளை குறையும், தண்டு நேராக எழும். ஆனால் தேக்கு வெளிச்சம் தேடும் மரம். மேலே கிளைகள் ஒன்றையொன்று முட்டத் தொடங்கியதும், உயரம் அவ்வளவு குறையாது, பருமன்தான் நின்றுபோகும். இலை குறைந்த மரம் எதைக்கொண்டு பருக்கும்?

அப்போது ஐதாக்கவேண்டும். வளர்ந்த மரத்தில் கத்தி வைக்கப் பலருக்கு மனம் வராது. எனினும் வளைந்தவை, மெலிந்தவை, நோயுற்றவை போகட்டும். அந்தத் தடிகள் கொட்டிலுக்கும் வேலிக்கும் ஆகும். நெடுங்காலம் நெருங்கி நின்ற தோப்பில் ஒரேயடியாகப் பாதியை வெட்டாதீர்கள், மீதியைக் காற்று சாய்த்துவிடும். சில வருட இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள். அடிக்கட்டைகள் துளிர்த்தால் ஒடித்துவிடுங்கள். வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டுமா என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்னரே விசாரியுங்கள்.

புதிதாக நடுபவர், பின்னர் ஐதாக்க ஆள்வசதி இல்லையென்றால், பன்னிரண்டடி விட்டு நடலாம். ஏக்கருக்கு 302 கன்றுகள் போதும். களையெடுப்பும் கிளை தறிப்பும் கூடும். ஆனால் நிழல் மூடும்வரை இடையில் உழுந்தோ கச்சானோ போடலாம்.