இன்சுலின் இருக்கிறது, சேதி போகவில்லை

ஆகஸ்ட் பெருவிழா என்றால் தலவிலக் கடற்கரை முழுக்கக் கூடாரம்தான். அன்னம்மாள் ஆலயத்தைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடைகளில் தொதலும் மஸ்கட்டும் தட்டுத் தட்டாக இருக்கும். 2005-06இல் நாடளாவிய ஆய்வொன்று இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருப்பதைக் கண்டது. அந்தத் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்.

இந்த வருத்தத்துக்கு வழிசெய்யும் வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு என்றே நெடுநாள் நினைத்திருந்தோம். 1993இல் ஹோதாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரப்பதைக் காட்டினார்கள். இன்சுலின் வந்து தொட்டதும் கலத்துக்குள் ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குச் சேதி கைமாற வேண்டும்; அதன் முடிவில்தான் தசை குளுக்கோசை உள்ளே எடுக்கும். டிஎன்எஃப்-ஆல்பா அதன் தொடக்கத்திலேயே, ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தில், கூடாத இடத்தில் பொஸ்பேற்று ஒட்டும்படி செய்துவிடுகிறது. இன்சுலின் இருக்கும், சேதி போகாது. பருத்துச் செத்த கொழுப்புக் கலங்களைத் துப்புரவுக் கலங்கள் வளையமாகச் சூழ்ந்துகொள்ள, அழற்சி இன்னும் கூடும்.

அப்பொப்டோசிஸ் எனும் திட்டமிட்ட கலச்சாவு உடலுக்குத் தேவைதான். பழுதான கலங்களைச் சத்தமில்லாமல் அகற்றும் ஏற்பாடு அது. ஆனால் இரத்தத்தில் கொழுப்பமிலமும் குளுக்கோசும் சேர்ந்து உயர்ந்தே நிற்கும்போது, இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலங்களே அந்த வழியில் போகின்றன. 2003இல் பட்லர் குழு இறந்தோரின் கணையங்களை ஆராய்ந்தது. நீரிழிவில்லாத பருத்தவர்களைவிட நீரிழிவுள்ள பருத்தவர்களிடம் பீட்டாக் கலத் திரள் 63 வீதம் குறைவாக இருந்தது. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த எண்தான்.

‘நான் ஒல்லிதானே’ என்று எங்கள் ஆட்கள் நிம்மதியாக இருக்கக்கூடாது. புனே மருத்துவர் யாஜ்னிக்குக்கும் இங்கிலாந்தின் யட்கினுக்கும் உடல் நிறைச் சுட்டி ஒன்றே, 22.3, உடற்கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 வீதம், யட்கினுக்கு 9.1. ஆகவே தராசைவிட நாடாவை நம்புங்கள்: ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களுக்கு 80க்கும் கீழே இருக்க வேண்டும்.

பீட்டாக் கலங்கள் எல்லாமே செத்துவிடுவதில்லை. பல வேலையை நிறுத்திக்கொண்டு கிடக்கின்றன. பிரித்தானியாவின் டைரெக்ட் ஆய்வில் 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் 86 வீதத்தினர் ஓராண்டில் மருந்தில்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தார்கள். அவர்கள் எல்லாரும் வருத்தம் தெரிந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள். இரத்தப் பரிசோதனையைத் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.