அரசியற் பொருளாதாரம் கற்பதால் என்ன பயன்?
பபேடான் வீதிகள் புகட்டும் பாடம்

“மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டாள். மேற்கொண்டு அரசியற் பொருளாதாரம் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். அதைப் படித்தால் என்ன தொழில் கிடைக்கும், மாஸ்டர்?” என்று தந்தை ஒருவர் எம்மிடம் வினவினார். இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர் அவர். அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. மருத்துவம், பொறியியல், கணக்கியல் ஆகியவையே சோறு போடும் என்பது எம்மவரின் துணிபு.

ஆயினும், ஊரையும் உடைமையையும் இழந்து வந்த சமூகத்தில், அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை முறையாக ஆராயக் கற்றவர்கள் சிலரேனும் இருத்தல் வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் யாருடையது, சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்ற கேள்விகளை ஒன்றாக வைத்து ஆராயும் கல்வியே அரசியற் பொருளாதாரம். எமக்கு முன்னரே அகதிகளான பர்மாத் தமிழரின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

சந்தையில் பிறந்த கோட்பாடு

இன்று யாங்கோன் என வழங்கும் இரங்கூன் மாநகரின் நடுவே அமைந்த வணிகப் பகுதி பபேடான். தெயின்ஜி சந்தையும், முன்னர் ஸ்கொட் சந்தை எனப்பட்ட போஜோ ஆங் சான் சந்தையும், தமிழர் எழுப்பிய காளி கோயிலும் அங்கேயே உள்ளன. அக்காலத்தில் முகல் வீதி எனப்பட்ட தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தினர். பர்மியரும் தமிழரும் குஜராத்தியரும் சீனரும் அச்சந்தைகளில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். பொழுது சாய்ந்ததும் தத்தம் மக்களிடம் திரும்பினர்.

இதனைக் கூர்ந்து நோக்கியவர் ஜே. எஸ். ஃபர்னிவால் என்ற ஆங்கிலேய அதிகாரி. பர்மாவின் அரசியற் பொருளாதாரம் பற்றிய அவரது அறிமுக நூல் 1931 இல் வெளியாயிற்று. 1948 இல் வெளியான பிறிதொரு நூலில் ‘பன்மைச் சமூகம்’ என்ற கோட்பாட்டை அவர் விரித்துரைத்தார். சந்தையில் மட்டுமே சந்திக்கும் மக்களிடையே பொதுவான சமூக விருப்பு வளர்வதில்லை என்பது அதன் சாரம். எமது பாட்டன்மார் நடந்த வீதிகளைக் கண்டு எழுந்த அக்கோட்பாடு இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளது.

அடுத்து நேர்ந்ததைப் பாருங்கள். 1930 இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் கைமாறின. 1938 அளவில் அப்பங்கு 25 ஆயிற்று. பணத்தை எதிர்பார்த்தவர் கைக்கு நிலம் வந்தது; உழவன் கண்ணுக்கோ அந்நியன் மட்டுமே தெரிந்தான்.

1942 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தோர் பலர். 1964 இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நாணயத்தாள்கள் செல்லாதவையாயின. மீண்டும் மக்கள் கப்பலேறினர். கடன் கொடுத்தவர் சிலரே. ஒரு காசும் வட்டிக்கு விடாத கூலிகளும் சிறுகடைக்காரரும் சேர்ந்தே துன்புற்றனர். இதனை விதி என்று சொல்லி விட்டுவிடலாமா?

எங்கே கற்கலாம்?

இரங்கூன் பல்கலைக்கழகம் 1920 இல் தோன்றியது. 1988, 1996 ஆம் ஆண்டுகளின் மாணவர் எழுச்சிகளின் பின்னர் பர்மாவின் பல்கலைக்கழகங்கள் நெடுநாள் மூடப்பட்டன. 2021 இராணுவப் புரட்சியின் பின் ஆயிரக்கணக்கான கல்வியாளர்கள் பணிநீக்கப்பட்டனர். ஆகவே பர்மிய மாணவர்களே வெளிநாடுகளை நாடுகின்றனர்.

இலண்டனில் சோவாஸ் நிறுவனத்திலும் கிங்ஸ் கல்லூரியிலும், கனடாவில் ஒட்டாவாவின் கார்ல்ரன் பல்கலைக்கழகத்திலும், அவுஸ்திரேலியாவில் சிட்னிப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் முதுமாணிக் கல்வி உண்டு. சிட்னியில் 1970களில் மாணவரும் ஆசிரியரும் போராடியே இப்பாடத்திற்கு இடம் பெற்றனர். தமிழகத்தில், மால்கம் ஆதிசேசையா 1971 இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். வேலையை விடமுடியாதோர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலையைத் தொலைக்கல்வியாகப் பயிலலாம்.

பெற்றோர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது கட்டணம். வதிவிட உரிமையைப் பொறுத்து உள்நாட்டு மாணவருக்கான கட்டணமா, வெளிநாட்டவருக்கான கட்டணமா என்பது மாறும். விண்ணப்பிக்குமுன் எழுத்தில் கேட்டறிக. இரண்டாவது உதவி. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, புகலிடம் கோரியோருக்கெனத் தனிப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. மூன்றாவது சான்றிதழ். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தோர் மனந்தளர வேண்டாம். ஐரோப்பிய அவை 2017 இல் தொடங்கிய ‘அகதிகளுக்கான தகைமைக் கடவுச்சீட்டு’, நேர்காணல் மூலம் முன்னைய கல்வியை மதிப்பிட்டுத் தருகிறது. அது பட்டத்திற்கு ஈடாகாது. எனினும் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட உதவும்.

இக்கல்வி உடனே பெருஞ்சம்பளம் தரும் என நாம் கூறமாட்டோம். ஆராய்ச்சி, ஆசிரியம், அரச சேவை, தொண்டு நிறுவனம், பத்திரிகை எனப் பணிகள் உண்டு. அவற்றைத் தேடிப் பெறுவதற்குக் காலம் பிடிக்கும். அத்தந்தையிடமும் இதனை மறைக்கவில்லை. பகுதிநேரமாகப் படிக்க வழியுண்டா என முதலில் விசாரிக்கச் சொன்னோம். கூடவே ஒன்றையும் சொன்னோம்: “எம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் பல உள்ளன. உங்கள் மகள் படித்தால், நாம் எழுதுவதும் ஒன்று சேரும்.”

விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டுதான் அவர் வீடு சென்றார்.