படித்த நூலைப் பற்றி நாலு பக்கம்

சகோதரியே, நீங்கள் கடைசியாகப் படித்து முடித்த நூல் எது? "எப்படி இருந்தது உம்மா?" என்று மகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நல்லா இருந்தது" என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். எது நன்றாக இருந்தது, எந்த இடத்தில் சலித்தது, ஏன் என்று சொல்லத் தொடங்கினால் அதுதான் மதிப்புரை. அதற்குப் பட்டம் தேவையில்லை. ஒரு பென்சிலும் பிள்ளையின் பழைய கொப்பியும் போதும்.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் சகோதரியின் முதற் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதித் தரும்படி கேட்டார்கள். முன்னுரையையும் பின்னட்டையையும் பார்த்துவிட்டு, சமூகத்துக்குக் கிடைத்த அரிய முத்து என்று எழுதிக் கொடுத்தேன். அச்சிலும் வந்தது. சில வாரங்களின் பின் ஒரு கல்யாண வீட்டில் அவர் என்னருகே வந்து அமர்ந்தார். "தாத்தா, உங்களுக்கு எந்தக் கவிதை பிடித்தது?" என்று கேட்டார். என்னால் ஒரு தலைப்பைக்கூடச் சொல்ல முடியவில்லை. வெளியீட்டு விழாவில் பொன்னாடைக்கும் புகழுரைக்கும் குறைவிருக்கவில்லை. தன்னை வாசித்த ஒருவரைத்தான் அவர் தேடியிருக்கிறார். பெண் எழுதினால் 'முயற்சி பாராட்டத்தக்கது' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோமே, அது மரியாதையா?

ஆகவே முதலில் நூலை முழுதாகப் படியுங்கள். கேள்வி எழும் இடத்தில் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கதையை மட்டும் சுருக்கிச் சொல்லி முடித்துவிடாதீர்கள். பின்னட்டை வாசகங்களைத் தொலைபேசியில் பகிர்வதையும் மதிப்புரையாக எண்ணிவிடாதீர்கள்.

அறிஞர் சித்தி லெப்பையின் 'அஸன்பேயுடைய கதை'யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வெளிவந்த ஆண்டு 1885. "முதல் நாவல்" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள். எங்கே முதல் என்று கேளுங்கள். தமிழகத்தில் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இலேயே வந்துவிட்டது. இலங்கையிலோ 1891இல் வந்த இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை'தான் முதலாவது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஒரு சிறிய சொல்லுக்குள் எவ்வளவு விடயம் இருக்கிறது, பாருங்கள்!

அடுத்து, கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி, 1882 முதல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், தம் கதைக்கு மிஸ்ர் நாட்டை ஏன் தேர்ந்தார்? மிஸ்ரிலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷா, நாடு கடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் நாவல் வருகிறது. தொடர்பு இருக்குமா? நூலுக்குள் தேடுங்கள். சான்று கிடைத்தால் பக்க எண்ணுடன் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ஊகம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கதையில் வரும் பெண்கள் தாமாக எதையாவது தீர்மானிக்கிறார்களா என்றும் பாருங்கள். இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

குறையையும் எழுதத்தான் வேண்டும். உங்கள் சொல்லை நம்பி ஒரு வீட்டில் மாதச் செலவிலிருந்து பணம் எடுத்துப் புத்தகம் வாங்குகிறார்கள். ஆனால் குறை நூலைப் பற்றியதாக இருக்கட்டும், எழுதியவரின் குடும்பத்தையோ உடையையோ பற்றியதாக அல்ல. "நடை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதை விட, தடுக்கிய வசனம் ஒன்றை எடுத்துக் காட்டுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், வெளியீடு, ஆண்டு, விலை ஆகியவற்றைத் தலைப்பின் கீழ் எழுத மறந்துவிடாதீர்கள். வாங்க நினைப்பவருக்கு உதவும்.

அந்தச் சகோதரியின் தொகுதியைப் பிறகு இருமுறை படித்தேன். பிடித்த கவிதைகளின் தலைப்புகளோடு, புரியாத மூன்றின் அருகே கேள்விக்குறியும் இட்டுக் கொப்பியை அவரிடமே கொடுத்தேன். அவர் முதலில் புரட்டிப் பார்த்தது கேள்விக்குறி இட்ட பக்கங்களைத்தான்.