ஒரு டம்ளர் காபிதானே!

பெரியப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலை எட்டு மணிக்குத் தியேட்டர் வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சை உடுப்பில் வந்த டாக்டரம்மா, "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். "இல்லம்மா, வெறும் வயிறுதான். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான்." ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனது. பெரியம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆபரேஷன் பண்ற டாக்டரே ஒண்ணும் சொல்லல. ஊசி போட வந்தவங்க எதுக்கு நிறுத்துறாங்க?"

வெறும் ஊசி போட்டுவிட்டுப் போகிறவர் அல்ல அந்த மயக்க மருந்து டாக்டர். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு இதற்கென்றே மேற்படிப்பு படித்தவர். ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டிலேயே இருந்து நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு மூன்றையும் கவனிப்பவர். முழு மயக்கத்தில் பல நேரங்களில் நாமாக மூச்சுவிடுவதுகூட இல்லை. அதையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

காபிக்கு வருவோம். மயக்கத்தில் இருமும் திறன் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பால் வயிற்றுக்குள் திரிந்துவிடுவதால் அதைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பால் கலந்த காபி, டீ, இட்லி எதுவானாலும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் நான்கு மணி நேரம் முன்புவரை. வெறும் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். இது தெரியாமல் வயதானவர்களை முதல்நாள் இரவிலிருந்தே நாக்கு வறளப் போட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.

முன்பரிசோதனையில் வாயைத் திறக்கச் சொல்வார்கள், கழுத்தை நிமிர்த்தச் சொல்வார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க வழி எப்படி என்று பார்ப்பதற்காக. ஆடுகிற பல், பல்செட், குறட்டை, பீடி, மது, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, முந்தைய ஆபரேஷனில் உங்களுக்கோ ரத்த உறவுக்கோ வந்த சிக்கல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மனைவி முன்னால் மதுவைப் பற்றிச் சொல்லக் கூச்சமா? தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிசேரியன் முடிந்து பல வருடம் கழித்து வரும் இடுப்புவலிக்கும் மயக்கத்துக்காக முதுகில் போட்ட ஊசியைத்தான் திட்டுகிறோம். அந்த ஊசி தண்டுவடம் முடிந்து இன்னும் கீழே போடப்படுவது. நாள்பட்ட வலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் கடும் தலைவலி வரும், படுத்தால் குறையும். அது உண்மையான பின்விளைவு, சிகிச்சையும் உண்டு. வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தில் போடும் கையெழுத்து விஷயத்தில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தந்த சமீரா கோலி வழக்குத் தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காகச் சமீராவுக்கு மயக்கம் கொடுக்கப்பட்டிருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவசரம் ஏதும் இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் நோயாளியிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். படிக்காமல் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கத்தை விட, இந்த ஒரு வழக்கே போதும்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும், இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது.

அறுவைக்கு நாள் குறிக்கும்போதே, "மயக்க மருந்து டாக்டரை எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டுவையுங்கள்.