வீட்டிலே ஓர் ஒலி, ஒளிக் களஞ்சியம்

தோழியரே, உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒலிநாடாக்கள் கிடக்கின்றனவா? எங்கள் வீட்டில் 14 இருந்தன. அவற்றுள் சிலவற்றில் மறைந்த எங்கள் பாட்டியார் கதை சொல்லும் குரல் உள்ளது. அவற்றைக் கணினியில் பதிந்து, வீட்டார் எவரும் விரும்பிய நேரத்தில் கேட்கும்படி தந்தையார் அமைத்ததே ‘மீடியா சர்வர்’.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சிற்றுண்டி விடுதியில் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவரையும் சர்வர் என்றுதானே அழைக்கிறோம்? இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாடல்களும் படங்களும் ஒரே கணினியில் இருக்கும். தொலைக்காட்சியோ கைப்பேசியோ கேட்டால் எடுத்துக் கொடுக்கும். பழைய கணினியே போதும். 2018 இல் தோன்றிய ‘ஜெல்லிஃபின்’ என்னும் இலவச மென்பொருளை அதில் நிறுவினோம். இணையம் இல்லாத நாளிலும் வீட்டுக்குள் இது இயங்கும். கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைப்பது நலம். வைஃபை வலுவிழந்தால் படம் நின்று நின்று ஓடும். திடீர் மின்வெட்டில் கோப்புகள் கெடாதிருக்க யூ.பி.எஸ். ஒன்றும் தேவை.

இனித்தான் முக்கியமான செய்தி. எந்த ஹார்ட் டிஸ்க்கும் என்றேனும் பழுதாகும். ஆகவே இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் முறை உண்டு. அதற்கு ‘ரெய்டு 1’ என்று பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988 இல் எழுதிய கட்டுரையில் இம்முறைகளை வரிசைப்படுத்தி எண்ணிட்டனர். இஃதிருக்கக் கவலை ஏன் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒருநாள் என் தம்பி இடம் போதவில்லையென்று ‘பழையவை’ என்றிருந்த தொகுப்பை அழித்துவிட்டான். ஒரு டிஸ்க்கில் அழிந்தது. அக்கணமே மற்றதிலும் அழிந்தது! கண்ணாடி முன் நின்று நெற்றிப் பொட்டை அழித்தால், உள்ளே தெரியும் பொட்டு மட்டும் நிற்குமா? டிஸ்க் பழுதானால்தான் ரெய்டு காக்கும். நம் கைத்தவற்றிலிருந்து காக்காது.

நல்லவேளையாக, அத்தை வீட்டில் தனியே ஒரு டிஸ்க்கில் படியெடுத்து வைத்திருந்தோம். கடைசியாகப் பதிந்த இரண்டு நாடாக்கள் மட்டும் அதில் இல்லை. அவற்றை மறுபடி ஓடவிட்டபோது ஒன்று பாதியில் சிக்கி அறுந்தது. அந்தக் கதையின் முடிவு இன்று எங்களிடம் இல்லை.

இப்போது மாதந்தோறும் அத்தை வீட்டு டிஸ்க்கை வாங்கிவந்து புதியவற்றைச் சேர்க்கிறோம். சில கோப்புகளைத் திறந்து கேட்ட பிறகே திருப்பிக் கொடுப்போம். அந்த வேலை என்னுடையது. தம்பி அருகில் அமர்ந்து கேட்பான்.