பட்டாளம் இல்லாத தேசத்துக் காடுகள்

விடுமுறை என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு உதகமண்டலமோ கொடைக்கானலோ ஞாபகம் வரும். கொஞ்சம் துணிச்சல்காரர்கள் காசி என்றும் காஷ்மீர் என்றும் கிளம்புவார்கள். உலகத்தில் இன்னொரு வகை யாத்திரிகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கோட்டை கொத்தளங்களைத் தேடிப் போவதில்லை. கடைவீதியை எட்டிப் பார்ப்பதுமில்லை. கழுத்திலே தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, பொழுது விடியுமுன் எழுந்து, மழையில் நனைந்து, ஏதேனும் ஒரு மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி இரண்டு மணி நேரம் நிற்பார்கள். எதிர்பார்த்த பட்சி வந்து கிளையில் உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு அவர்களுக்கு ஜன்ம சாபல்யம்!

இத்தகைய யாத்திரிகர்களுக்குப் புண்ணிய க்ஷேத்திரமாக விளங்கும் தேசம் கோஸ்டா ரிகா. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில், நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே அது இருக்கிறது. பரப்பு சுமார் 51,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஐந்து கூறாக்கினால் அதில் இரண்டு கூறுதான். ஜனத்தொகை ஐம்பது லட்சத்தை ஒட்டியது. இவ்வளவு சிறிய தேசத்திலே 900-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் காணப்படுகின்றன. கிழக்கே காரிபியன் கடல், மேற்கே பசிபிக் மகாசமுத்திரம், நடுவே முதுகெலும்பைப் போல் மலைத்தொடர். ஆகையால் தாழ்ந்த மழைக் காடு, மேகம் தவழும் மலைக் காடு, கடற்கரை ஆகிய மூன்றையும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் பார்த்துவிடலாம்.

நேயர்களே! நாமும் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு முறை போய் வருவோம். ஆனால் பிராணிகளைப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். அவை இன்னும் அங்கே உயிரோடிருப்பதற்கு யார் யார் காரணம் என்பதையும் கூடவே விசாரித்துக் கொண்டு போகலாம்.

சுவரில் விழுந்த அடி

தலைநகரமான ஸான் ஹோஸேயில் விமானத்திலிருந்து இறங்குகிறவர்கள் காட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கட்டிடத்தைப் பார்க்காமலே போய்விடுவதுண்டு. இன்று அது தேசியப் பொருட்காட்சிசாலை. ஒரு காலத்தில் பட்டாளத்தின் கோட்டையாயிருந்தது. 1948-ம் வருஷத்தில் அந்தத் தேசத்தில் ஓர் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அதில் வெற்றி பெற்றவர் ஹோஸே பிகேரெஸ் என்பவர். யுத்தத்தில் ஜெயித்தவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? பட்டாளத்தைப் பெருக்குவார்கள். பிகேரெஸ் அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி ஒரு பெரிய சம்மட்டியை எடுத்துக் கோட்டைச் சுவரில் ஓங்கி அடித்து, "இனி இந்தத் தேசத்துக்குச் சேனை இல்லை" என்று பிரகடனம் செய்தார். 1949-ம் வருஷத்து அரசியல் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. இன்று வரையில் அங்கே போலீஸ் உண்டு, பட்டாளம் கிடையாது.

பட்டாளத்துக்கும் பட்சிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். மலை ஏறும்போது விடை கிடைக்கும்.

ஆமைகளின் கரை

முதலில் வடகிழக்கே டோர்டுகேரோவுக்குப் போவோம். இங்கே செல்லச் சாலை இல்லை. படகிலே கால்வாய் வழியாகப் போக வேண்டும். அல்லது சிறு விமானத்தில் பறக்க வேண்டும். இரு கரையிலும் மழைக் காடு சுவர் எழுப்பியது போல் நிற்கிறது. கால்வாயில் முதலைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கின்றன. ஊளைக் குரங்குகள் விடியற்காலையில் போடும் சத்தத்தைக் கேட்டு, சிங்கம் வந்துவிட்டதோ என்று புதியவர்கள் நடுங்குவார்கள். கால் மைலுக்கு அப்பாலிருந்து அலறும் அந்தப் பிராணி, நேரில் பார்த்தால் பழமும் இலையும் தின்னும் சாது!

மரக்கிளையில் பாசி படர்ந்த மூட்டையைப் போல் ஒன்று தொங்கும். அதுதான் ஸ்லாத் என்னும் பிராணி. சோம்பலுக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடையாது. அதன் ரோமத்திலே உண்மையாகவே பாசி வளர்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை, மலஜலம் கழிப்பதற்காக மட்டும், மிகுந்த பிரயாசையுடன் மரத்திலிருந்து இறங்கி வருகிறது.

ஆனால் டோர்டுகேரோவின் பெருமை இரவில்தான் தெரியும். ஜூலை முதல் அக்டோபர் வரையில் பேராமைகள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரைக்கு வருகின்றன. விளக்குக் கூடாது, புகைப்படம் கூடாது, பேச்சுக் கூடாது. இருட்டிலே, முட்டையிடத் தொடங்கிய ஆமையின் பின்புறம் வழிகாட்டி நம்மை அழைத்துச் சென்று நிறுத்துகிறார். பின்னங்கால்களால் அது குழி தோண்டியிருக்கும் நேர்த்தியைப் பார்த்தால் குயவனின் கை ஞாபகம் வரும். சுமார் நூறு முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடி, பெருமூச்சு விட்டபடியே கடலுக்குத் திரும்புகிறது. இரண்டு மாதம் கழித்து வெளிவரும் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண் குஞ்சுகளே அதிகம். உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில் இது சாமான்ய விஷயமல்ல.

ஒரு காலத்தில் இதே கரையில் ஆமைகளைக் கவிழ்த்துப் போட்டுச் சூப்புக்காகக் கப்பல் ஏற்றினார்கள். ஆர்ச்சி கார் என்னும் அமெரிக்க விலங்கியல் பண்டிதர் 1950-களில் இங்கே வந்து, ஆமைகளுக்கு அடையாளத் தகடு பொருத்தி, அவை எங்கே போகின்றன என்று ஆராயத் தொடங்கினார். 1975-ல் இந்தப் பிரதேசம் சட்டப்படி தேசியப் பூங்காவாக நிலைபெற்றது. முன்பு ஆமையை விற்றுப் பிழைத்த கிராமம், இன்று ஆமையைக் காட்டிப் பிழைக்கிறது.

ஆனால் எல்லாக் கரையும் இப்படி அமைதி பெற்றுவிடவில்லை. இதே காரிபியன் ஓரத்தில், தெற்கே மோயின் என்னும் கரையில், ராட்சத ஆமைகளின் முட்டைகளை இரவெல்லாம் காவல் காத்து வந்தார் ஹைரோ மோரா என்னும் இருபத்தாறு வயது இளைஞர். 2013-ம் வருஷம் மே மாதக் கடைசியில் ஓர் இரவு அவரைக் கடத்திக் கொன்றார்கள். பட்டாளம் இல்லாத தேசத்திலும் சில காரியங்களுக்கு உயிரைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மேகம் தங்கும் ஊர்

இனி மேற்கே மலை ஏறுவோம். மாண்டெவெர்டே என்ற ஸ்பானிஷ் பெயருக்குப் பச்சை மலை என்று பொருள். காரிபியன் கடலிலிருந்து ஈரக் காற்று வீசி, மலைச் சரிவில் ஏறி, குளிர்ந்து, மேகமாகிக் காட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. மழை பெய்யாத வேளையிலும் இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. ஒரே மரத்தின் மேல் பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று இன்னொரு தோட்டமே குடியிருக்கிறது.

இந்தக் காட்டின் ராஜா கெட்ஸால் பட்சி. மரகதப் பச்சை உடல், குங்குமச் சிவப்பு மார்பு. ஆண் பறவைக்கு உடலைவிட நீளமான வால் தோகை. காட்டு வெண்ணெய்ப் பழத்தை முழுதாக விழுங்கிக் கொட்டையை வேறிடத்தில் உமிழ்ந்து, தனக்கு வேண்டிய மரத்தைத் தானே நட்டுக் கொள்ளும் நல்ல விவசாயி அது.

இப்போது பட்டாளத்தின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் குவேக்கர்கள் என்னும் சமாதானப் பிரியர்கள் வசித்தார்கள். அவர்களில் நான்கு இளைஞர்கள், "பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்க எங்கள் மனச்சாட்சி இடந்தராது" என்று மறுத்து, 1949-ல் சிறை புகுந்தார்கள். மனச்சாட்சிக்காகச் சிறை செல்வதைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு அந்தக் குடும்பங்கள், சேனையே இல்லாத தேசம் ஒன்று உண்டு என்று கேள்வியுற்று, 1951-ல் இந்த மலைக்கு வந்து குடியேறின. மாடு வளர்த்தார்கள், பாலாடைக் கட்டி செய்தார்கள். ஆனால் வாங்கிய நிலம் முழுவதையும் மேய்ச்சல் தரையாக்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் வரும் மலையுச்சியில் சுமார் 550 ஹெக்டேர் காட்டைத் தொடாமல் விட்டு வைத்தார்கள். ஊற்று வற்றினால் ஊர் இல்லை என்பதுதான் அவர்களுடைய எளிய கணக்கு. அந்தக் காட்டை ஒட்டியே 1972-ல் ஜார்ஜ் பவல் என்னும் இளம் ஆராய்ச்சியாளரின் முயற்சியால் மேகக் காட்டுக் காப்பகம் உருவாயிற்று. ஸான் ஹோஸேயில் சுவரில் விழுந்த சம்மட்டி அடி, இங்கே மரத்தில் விழவிருந்த கோடரியைத் தடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1987-ல் ஸ்வீடன் தேசத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மழைக் காடு அழிவதைப் பற்றிக் கேட்டு, "நாமே அதை வாங்கிவிட்டால் என்ன?" என்று ஆரம்பித்தார்கள். பாட்டுப் பாடியும் பண்டம் விற்றும் காசு சேர்த்தார்கள். அந்தப் பொறி பல தேசங்களுக்குப் பரவி, குழந்தைகளின் காசால் மாண்டெவெர்டேயைச் சுற்றி வாங்கிய காடு இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல்! இது வெறும் அலங்காரம் அல்ல. கெட்ஸால் பட்சிக்குச் சிறு ரேடியோப் பெட்டி கட்டிப் பார்த்தபோது, கூடு கட்டும் காலம் முடிந்ததும் அது காப்பகத்தை விட்டுக் கீழ்ச் சரிவுகளுக்குப் போவது தெரிந்தது. உச்சியை மட்டும் காப்பாற்றினால் பட்சி பிழைக்காது; சரிவும் வேண்டும்.

வராமற் போன தேரை

இவ்வளவு காவலும் இருந்த இதே காட்டில்தான் ஒரு பெரிய நஷ்டம் நேர்ந்தது. மாண்டெவெர்டேயின் உச்சியில் தங்க நிறத் தேரை என்று ஒன்று இருந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. வருஷத்தில் சில நாட்கள் மட்டும், கோடை மழை ஆரம்பத்தில், மரவேர்களுக்கிடையே தேங்கிய குட்டைகளில் நூற்றுக்கணக்காகக் கூடும். 1987-ல் மார்த்தா கிரம்ப் என்னும் ஆராய்ச்சியாளர் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எண்ணினார். அடுத்த வருஷம் எண்ணுவதற்குக் கை விரல்கள் போதுமாயிருந்தன. 1989-ல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2004-ல் அந்த இனம் அழிந்துவிட்டது என்று உலகச் சங்கத்தார் பதிவு செய்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு மரத்தையும் யாரும் வெட்டவில்லை. தேரையை யாரும் வேட்டையாடவும் இல்லை. தவளை இனங்களைத் தாக்கும் ஒரு வகைக் காளான் நோயும், அந்த வருஷத்து வறட்சியும், வெப்பமாகி வரும் வானமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மேகம் முன்னைவிட உயரத்தில் தங்குகிறது. மூடுபனி இல்லாத நாட்கள் பெருகிவிட்டன. தாழ்நிலத்துப் பட்சியான வண்ண மூக்கு டூகன் மலையேறி வந்து கெட்ஸாலின் பக்கத்தில் கூடு கட்டுகிறது. அது பிற பட்சிகளின் முட்டையைத் தின்பது. வேலி போட்டுக் காட்டைக் காக்கலாம். மேகத்துக்கு வேலி போட முடியுமா? தூர தேசங்களில் எரியும் கரியின் கணக்கு இந்த மலையுச்சியில் தீர்க்கப்படுகிறது.

வெட்டியவர்களே வளர்த்த கதை

கோஸ்டா ரிகா ஜனங்கள் பிறவியிலேயே காட்டுப் பக்தர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1940-களில் தேசத்தில் நான்கில் மூன்று பங்கு காடாயிருந்ததாகக் கணக்கு. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக அதை வெட்டித் தள்ளினார்கள். காட்டை அழித்தவனுக்கே நிலம் சொந்தம் என்று சட்டமும் துணை நின்றது. 1980-களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. பிறகு இறைச்சி விலை வீழ்ந்தது. ஜனங்களும் விழித்துக் கொண்டார்கள். 1996-ம் வருஷத்துச் சட்டம் காட்டை வேறு உபயோகத்துக்கு மாற்றுவதைத் தடுத்தது. மறு வருஷம் முதல், காட்டை வளர்த்து வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரருக்குச் சர்க்கார் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் பெரும் பகுதி பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. இன்று தேசத்தில் பாதிக்கு மேல் மறுபடியும் காடு. அன்னாசித் தோட்டங்களின் மருந்து நீர் ஆறுகளைக் கெடுக்கிறது என்ற புகார் இன்னமும் இருக்கிறது. ஆயினும் வெட்டிய கையே நட்டு வளர்க்க முடியும் என்று ஒரு சிறு தேசம் காட்டிவிட்டது.

பசிபிக் கரையிலிருந்து நம் கரைக்கு

கடைசியாகப் பசிபிக் கரையில் ஓஸ்டியோனால். மழைக் காலத்தில், தேய்பிறை நாட்களில், ஒரே சமயத்தில் பல்லாயிரக்கணக்கான ஆமைகள் கரையேறுகின்றன. பின்னால் வரும் ஆமைகள் முன்னால் வந்தவற்றின் முட்டைகளைத் தோண்டிக் கெடுத்துவிடும். ஆகவே முதல் ஒன்றரை நாளில் இடும் முட்டைகளைக் கிராமத்தார் எடுத்துக் கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பதிலுக்கு அவர்கள் கரையைச் சுத்தம் செய்து, பிறகு வரும் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறார்கள்.

இந்த ஆமை நமக்கு அந்நியமல்ல. இதைத்தான் நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஒரிஸ்ஸாக் கரையில் இதே போல் கூட்டமாக வருகிறது. சென்னைக் கரையில் தை முதல் பங்குனி வரை ஒன்றிரண்டாய் வருகிறது. 1988-ம் வருஷம் முதல் மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தார், இரவு தோறும் மைல் கணக்கில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் அதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டியதே பெரும்பாலும் காரணம் என்றார்கள். மேகக் காடும் நமக்குப் புதிதல்ல. நீலகிரியிலும் ஆனைமலையிலும் பழனி மலையிலும் உள்ள சோலைகள் அந்த ஜாதியைச் சேர்ந்தவையே. நம் நதிகளில் பலவற்றின் முதல் சொட்டு அங்கேதான் விழுகிறது. குவேக்கர்களுடைய தண்ணீர்க் கணக்கு நமக்கும் பொருந்தும்.

வசதியுள்ளவர்கள் கோஸ்டா ரிகாவுக்குப் போய் வரட்டும். போகத் தகுந்த இடம்தான். பஞ்சாங்கத்தில் மாசி, பங்குனி வரும்போது, மற்றவர்கள் ஓர் இரவு அந்த மாணவர்களோடு சென்னைக் கடற்கரையில் நடந்து பார்க்கலாம். விமானச் சீட்டு வேண்டாம். செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டால் போதும்.